ஒன்பது மணி ஓட்டோ

"ஒன்பது மணிக்கு ஓட்டோ வரும்" என்று மைமூனா குசினி அடுப்படியிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

முதல் தடவைக்கு றஹ்மா "ம்" என்றாள். இரண்டாவது தடவைக்கு வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பி வந்தது. ஆனால் அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பி நிற்க அவளால் ஏலவில்லை. விடிந்து நாலு மணித்தியாலம் போகாமல் அவளுடைய விரல்கள் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். அன்றைக்கு அந்தத் தேத்தண்ணியும் ஆறிப் போய் ஏடு படிந்து கிடந்தது.

அன்று வியாழக்கிழமை. றஹ்மாவின் ஒரே மகள் ஸல்ஹாவைப் பார்க்கக் கந்தளாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்கள் பத்து மணிக்கு வந்து இறங்குவதற்கு முன்னால் றஹ்மா கிண்ணியாவை விட்டுத் தோப்பூருக்குப் போய்விட வேண்டும். அங்கே தங்கச்சி பஸ்மியாவின் வீட்டில் இருந்துவிட்டு, வந்தவர்கள் போன பிறகு பின்னேரம் திரும்பி வரலாம். பெற்றவளை வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டுப் பெண் காட்டப் போகிறார்கள்... எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா இப்படி ஒரு கூத்தை?

எல்லாம் றஹ்மாவின் வருத்தத்தால் வந்தது. ஆறு வருடமாக அவளுக்கு லூபஸ் நோய். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தம் என்று டொக்டர் விளங்கப்படுத்தியிருந்தார். அதை வீட்டிலுள்ளவர்களுக்கு விளங்கப்படுத்தத்தான் ஆள் இல்லை. வெயில் பட்டால் அவளுடைய கன்னம் இரண்டும் சிவந்துவிடும். மருந்துக் குளிசை குடித்துக் குடித்து முகம் உப்பிப்போனது. பார்க்கிறவர்களுக்கு அது வருத்தமாகவா தெரியும்? சிவந்து கொழுத்து நல்லாத்தானே இருக்கிறாய் என்பார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒருத்தி கன்னத்துக்கு என்ன கிறீம் பூசுகிறாய் என்றுகூடக் கேட்டாள். உள்ளே மூட்டுக்கு மூட்டு நெருப்பு எரிகிறது, இவளுக்குக் கிறீம் கேட்கிறது! கதிரையில் இருந்து தொழுதால் மைமூனாவின் கண்ணைக் குத்தும். நோன்பு பிடிக்க ஏலாமல் போனால் முப்பது நாளும் ஏச்சுத்தான்.

இந்த மைமூனா யார்? றஹ்மாவின் கணவன் நௌபருடைய மூத்த சகோதரி. கணவன் மௌத்தாகி, பிள்ளை குட்டியும் இல்லாமல் விதவையாய் நின்றவளை றஹ்மாதான் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வாப்பா கல்லும் மண்ணும் பார்த்துப் பார்த்துக் கட்டி, றஹ்மாவின் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிச் சீதனமாய்த் தந்த வீடு அது. அதில் காற்று வருகிற யன்னல் அறையை மதினிக்குக் கொடுத்துவிட்டு றஹ்மா பின்னறையில் படுத்தாள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, மைமூனா கெட்டிக்காரி. அன்றைக்கும் விடியற்காலையிலேயே எழும்பி வட்டிலப்பம் அவித்து, றோல்ஸ் சுற்றி, புதுத் திரைச்சீலை கொளுவி, வீட்டையே மாற்றி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பொருத்தமில்லாத சாமானாக மிஞ்சி நின்றது றஹ்மா ஒருத்திதான்.

போனால் போகிறது என்று அதையும் றஹ்மா பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. மூன்று வாரத்துக்கு முன்னால், பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மைமூனா அவளுக்குப் பக்கத்தில் வந்திருந்து மெல்லச் சொன்னாள்... உம்மா அண்டைக்கு ஆக்களுக்கு முன்னுக்கு வரவேணாமாம், ஸல்ஹாதான் சொன்னவ, புள்ளைக்கு வெக்கமாம் என்று.

அதைக் கேட்ட நாளிலிருந்து றஹ்மா மகளோடு சரியாகக் கதைக்கவில்லை. மகளும் தாயின் அறைப் பக்கம் வருவதில்லை. அன்றைக்கே குளிசை குடிப்பதையும் றஹ்மா விட்டுவிட்டாள். யாருக்காகக் குடிப்பது? ஒவ்வொரு நாளும் எடுத்துக் குடிக்கிற மாதிரி எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டாள். இருபது நாளாய் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அதற்கு முதலே அவளுக்குள் ஏதோ அணைந்துவிட்டது. வலி பழகிப்போன ஒன்று. மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, வலியே இல்லாமல் கண் விழித்தாள். அப்படியிருந்தும் எதற்காக விழித்தோம் என்று கிடந்தாள். சோறு வாயில் மண்ணாய்ப் பட்டது. மகள் முன்னறையில் சிரித்தால் அது வேறு யாருடைய வீட்டிலோ கேட்கிற சிரிப்புப் போலிருந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் மூட்டுகளைப் பார்த்துவிட்டு வேறு ஏதும் கரைச்சல் இருக்கிறதா என்று கேட்டபோது, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். "காலையில எழும்ப வேணாம் எண்டு இரிக்கு டொக்டர். வலியால இல்ல..." அவ்வளவுதான், அழுகை வெடித்துவிட்டது. டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அழுகிறவளை ஒரு நர்ஸ் மிஸ்ஸி வெளியே கூட்டிப்போய் வாங்கில் இருத்தி முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். அதற்குள் டொக்டர் நௌபரை உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார்.

டொக்டர் என்ன தந்தார் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். அடுத்த முறைக்கு இரத்தம் சோதிக்கிற துண்டு என்று நௌபர் சொன்னான், வீட்டுக்கு வந்து மகளுக்கும் அதையே சொன்னான். நெஞ்சைத் திறந்து காட்டினேன், அதற்குப் போய் இரத்தம் சோதிக்கச் சொல்லி எழுதியிருக்கிறாரே அந்த டொக்டர் என்று றஹ்மாவுக்கு மனது விட்டுப்போனது. இனி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

எட்டரை மணியிருக்கும். நௌபர் குளிர்பானம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மைமூனா அலுமாரித் திறப்பைக் கொண்டுவந்து றஹ்மாவின் மடியில் போட்டாள். கந்தளாய் ஆட்கள் வீட்டு உறுதியைப் பார்க்கக் கேட்பார்களாம், எடுத்து வைத்துவிட்டு வெளிக்கிடட்டுமாம். அந்த உறுதியை ஸல்ஹாவின் பெயருக்கு மாற்ற வேண்டியவளும் கையெழுத்துப் போட வேண்டியவளும் றஹ்மாதான். அவளுடைய வீடு வேண்டும், கையெழுத்து வேண்டும், முகம் மட்டும் வேண்டாம்.

றஹ்மா சுவரைப் பிடித்துப் பிடித்து அலுமாரியடிக்குப் போனாள். அலுமாரிக் கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது. உள்ளே உறுதி வைத்திருக்கிற லாச்சிக்குப் பூட்டு. திறப்பைத் துளைக்குள் விட்டுவிட்டாள், திருப்ப முடியவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று பிடிக்க மறுத்தன. மூன்று தடவை முயன்றாள். நாலாவது தடவை கண்ணீர் வந்துவிட்டது. மதினியைக் கூப்பிடுவதைவிடச் செத்துப்போகலாம். வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டாள்.

ஸல்ஹா பச்சைச் சாரியும் பாதி குத்திய முக்காடுமாக வந்தாள். தாயின் முகத்தைப் பார்க்காமல் திறப்பைத் திருப்பினாள். லாச்சியை இழுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த உறுதியை எடுத்தாள். அதோடு சேர்ந்து ஒரு வெள்ளைக் கடித உறை நிலத்தில் விழுந்தது.

உறையின் மேல் ஆங்கிலத்தில் றஹ்மாவின் பெயர். மூலையில் மூன்று மாதத்துக்கு முந்திய திகதி. ஒட்டியபடியே கிடந்தது, யாரும் திறக்கவில்லை. "உம்மா, இது உங்கட பேருக்குத்தானே வந்திரிக்கு" என்று சொல்லி ஸல்ஹா உறையைக் கிழித்தாள். படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளை. முதலில் தனக்குள் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் மாறியது.

"உம்மா... இது ரத்தம் சோதிக்கிற துண்டில்ல. மனநலக் கிளினிக்குக்கு எழுதின கடிதம். உங்களுக்குக் கடுமையான மனச்சோர்வு இரிக்காம். இந்த வருத்தம் உள்ள கனபேருக்கு அப்பிடி வாறதாம். தாமதிக்காமப் பாக்கச் சொல்லி எழுதியிரிக்கு. எந்த வியாழக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் போகலாமாம்."

றஹ்மா கட்டிலில் இருந்துவிட்டாள். அப்படியென்றால் டொக்டர் கேட்டிருக்கிறார். அவள் அழுததைக் கேட்டு, நம்பி, பெயர் வைத்து, போகிற வழியையும் எழுதி நௌபரின் கையில் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம்! பன்னிரண்டு வியாழக்கிழமை! அத்தனை நாளும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க, அந்தக் கடிதம் அவளுடைய வீட்டிலேயே, அவளுடைய உறுதிக்குக் கீழேயே கிடந்திருக்கிறது.

"உனக்கும் தெரியுமா?" என்று மகளைக் கேட்டாள். "வெக்கம் எண்டு சொன்னவதானே நீ... உம்மா ஆக்களுக்கு முன்னுக்கு வரவேணாம் எண்டு."

ஸல்ஹாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் சொன்னனா? நீங்கதானே உம்மா சொன்னீங்க, ஆக்கள்ற முகத்தில முழிக்க ஏலாது, தோப்பூருக்குப் போறன் எண்டு? மாமி சொன்னா, உம்மாவத் தொந்தரவு செய்யாத, கிட்டப் போகாத, போனா இன்னும் கூடும் எண்டு... அதுக்குப் பயந்துதானே நான் வராம இருந்தனான். ஒரு கலியாணத்துக்காக உம்மா என்னை வெறுத்திட்டா எண்டு மூணு கிழமையா அழுறன்..."

தாய்க்கு ஒரு பொய், மகளுக்கு ஒரு பொய். இரண்டையும் ஒரே வாய் ஒரே நாளில் சொல்லியிருக்கிறது. ஸல்ஹா தாயின் காலடியில் இருந்து மடியில் முகத்தைப் புதைத்தாள். விரல் மடங்காத கையால் றஹ்மா மகளின் தலையைத் தடவினாள். குத்தியிருந்த முக்காடு கழன்று விழுந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அழுது முடித்ததும் றஹ்மாவுக்கு மூன்று மாதமாய் இல்லாத ஒரு தென்பு வந்தது. கோபம்தான் அது. நல்ல சுத்தமான கோபம்.

"மகள், எண்ட கிளினிக் கொப்பிய எடுங்க. மற்றச் சாரியையும் எடுத்துத் தாங்க" என்றாள்.

வெயில் ஏறுவதற்கு முதல் வெளிக்கிட்ட கந்தளாய் ஆட்கள் பத்து மணிக்குப் பதிலாக ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை ஸஜ்ஜாத்தின் தாய் சுஹைராவும் தகப்பன் முத்தலிபும். நௌபர் போத்தல்களோடு அவர்களுக்குப் பின்னாலேயே ஓடிவந்தான். மைமூனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரித்து அவர்களை இருத்தினாள். பொண்ணுட உம்மா எங்க என்று சுஹைரா கேட்டார். தோப்பூரில் ஒரு மௌத்து, மையத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாமல் போய்விட்டது என்று மைமூனா கண் இமைக்காமல் சொன்னாள்.

"நான் போகல்ல" என்றாள் றஹ்மா.

அறை வாசலில் நின்றாள். ஒரு கையில் வீட்டு உறுதி, மறு கையில் கடிதம், கக்கத்தில் கிளினிக் கொப்பி. கன்னங்கள் சிவந்திருந்தன. ஸல்ஹா பக்கத்தில் நின்று அவளுடைய முழங்கையைத் தாங்கியிருந்தாள். கடித உறையைக் கண்ட நௌபரின் கையிலிருந்த போத்தல் மேசையில் இடிபட்டு உருண்டது. "கிழிச்சிட்டன் எண்டு சொன்னாயே" என்று மைமூனா அவனைப் பார்த்து முணுமுணுத்ததில் எல்லாமே தெரிந்துவிட்டது. கிழித்துப் போடு என்று அவள் சொன்னதும், அவன் கிழித்துவிட்டேன் என்று பொய் சொன்னதும்.

மைமூனா பாய்ந்து வந்து அவளை உள்ளே தள்ளப் பார்த்தாள். ஆக்கள் வந்திருக்கிறார்கள், பிறகு கதைக்கலாம் என்று காதுக்குள் சீறினாள். றஹ்மா அசையவில்லை.

"மதினி, இது எண்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. ஒன்பது வருசமா நீங்க இதுக்குள்ள இரிக்கிறீங்க. எத்தனையோ பேர் வந்து போனாங்க. ஒரு நாளாவது உங்கள ஆக்களுக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சனா?"

மைமூனா அவளைத் தள்ளிய கையை எடுத்தாள். பிறகு அவளும் அழ ஆரம்பித்தாள். தன் இளைய சகோதரியை ஒரு தடவை அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதற்கு ஊரே பைத்தியம் என்று பெயர் வைத்ததையும், அவளைக் கேட்டு ஒரு மாப்பிள்ளைகூட வராததையும் சொல்லி, அந்தப் பெயர் ஸல்ஹாவுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்றுதான் செய்தேன் என்றாள். பாவம்தான். அதில் பொய் இல்லை. ஆனாலும் றஹ்மாவின் கோபம் அதற்கு இளகவில்லை.

"தெரியும். அவவையும் நீங்க ஒளிச்சுத்தான் வெச்சீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு சுஹைராவின் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் பொண்ணுட உம்மா. எனக்கு லூபஸ். ஆறு வருசமா. அதோட மனச்சோர்வும் இரிக்கு, பைத்தியம் இல்ல. எண்ட புருசன் மூணு மாசமா மறைச்சு வெச்ச கடிதம் இது. இண்டைக்குத்தான் கண்டனான். இது வீட்டு உறுதி. கலியாணம் நடந்தாலும் நடக்காட்டியும் இந்த வீடு எண்ட மகளுக்குத்தான். பாக்கிறதெண்டாப் பாருங்க."

சுஹைரா உறுதியை வாங்கவில்லை. கட்டையான, கண்டிப்பான பெண்மணி அவர். "இந்த வருத்தம் நாளைக்கு மகளுக்கும் வருமா?" என்று நேரே கேட்டார்.

"வரலாம். வராமலும் விடலாம். வராது எண்டு உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தர எனக்கு ஏலாது. வந்தா, அவவ ஒளிச்சு வைக்கிற வீட்டுக்குக் குடுக்கவும் எனக்கு விருப்பமில்ல."

அந்த நேரம் பார்த்து வெளியே ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. ஒன்பது மணி ஓட்டோ!

றஹ்மா உறுதியையும் கொப்பியையும் கதிரையில் வைத்தாள். செருப்பைப் போட மகள் குனிந்தாள். பெண் பார்க்க வந்தவர்களை வைத்துக்கொண்டு நீ எங்கே போகிறாய் என்று மைமூனா பதறினாள். உம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று ஸல்ஹா பச்சைச் சாரியோடு தாயின் பின்னால் இறங்கிவிட்டாள். தாயும் மகளும் மெல்ல நடந்து ஓட்டோவில் ஏறினார்கள். தோப்பூர்தானே என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"இல்ல தம்பி. திருகோணமலை ஆசுபத்திரி."

நௌபர் வெறுங்காலோடு ஓடிவந்து ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து பவுசர் லொறி ஓட்டுகிறவன். எவ்வளவு பெரிய வண்டியையும் அசையாமல் பிடிக்கிற கை அது. அன்றைக்கு ஓட்டோக் கம்பியை விட மறுத்தது. "பயந்திட்டன் றஹ்மா... கிழிச்செறியவும் மனம் வரல்ல, குடுக்கவும் தைரியம் வரல்ல... நானும் வாறன்."

"நான் செத்திருந்தா?" என்று கேட்டாள் அவள். "உறுதி எடுக்க அந்த லாச்சியத் திறப்பீங்கதானே... அப்ப இந்தக் கடிதத்த என்ன செய்திருப்பீங்க?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு நடு வீதியில் நின்று அழுதான். றஹ்மாவுக்கும் கண் நிறைந்தது. இருபத்திரண்டு வருடம் அவனோடு வாழ்ந்தவள், நிறையாமல் இருக்குமா? ஆனாலும் வாயால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல மனமும் இல்லை.

"எண்ட கோபம் போகல்ல" என்றாள்.

"போக வேணாம்" என்றான் அவன். "ஏசு. வழியெல்லாம் ஏசு. நானும் வாறன்."

அவள் மகளை நெருக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தாள். அந்த இடம் போதும் என்று அவன் ஏறிக்கொண்டான்.

ஓட்டோ கிளம்பப் போகிற நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சுஹைரா வந்தார். சாரித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கதிரையில் உறுதியோடு சேர்த்து றஹ்மா மறந்துவிட்டு வந்த கிளினிக் கொப்பி அவருடைய கையில் இருந்தது. அதை றஹ்மாவின் மடியில் வைத்தார். வைக்கும்போது மடங்காத அந்த விரல்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கொப்பி இல்லாட்டி நம்பர் தரமாட்டாங்க" என்றார். "எங்கட வீட்டயும் அந்த மனநலக் கிளினிக் கொப்பி ஒண்டு இரிக்கு. ஸஜ்ஜாத்துட வாப்பாட. வெளியில யாருக்கும் சொல்றதில்ல..." வீதியைப் பார்த்துக் கை காட்டினார். "கெதியாப் போங்க, வியாழக்கிழமை ஆக்கள் கூட. நாங்க பொண்ணு பாக்க வந்தனாங்கதானே. உம்மாவும் மகளும் வரும்வரைக்கும் இரிக்கிறம்."

வாசலில் நின்ற மைமூனா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே போய் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு குடையும் கொண்டுவந்து, றஹ்மாவின் முகத்தைப் பார்க்காமல், ஓட்டோவுக்குள் நீட்டினாள். வெயில் றஹ்மாவுக்கு ஆகாது என்பது ஆறு வருடமாக அவளுக்குத் தெரியாமலா இருந்தது? றஹ்மா குடையை வாங்கினாள்.

சந்திக்கு வந்ததும் ஓட்டோ தோப்பூர்ப் பக்கம் திரும்பாமல் பாலத்துப் பக்கம் திரும்பியது. பாலத்தில் ஏறியபோது கடல் காற்று முகத்தில் அடித்தது. றஹ்மா கொப்பியைத் திறந்து, கடிதத்தை முதல் பக்கத்துக்குள் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நேரம் என்ன என்று மகளைக் கேட்டாள்.

"ஒன்பதேகால் உம்மா. பன்னிரண்டுக்கு இன்னும் நேரமிரிக்கு."

"கொஞ்சம் கெதியா விடுங்க தம்பி" என்றாள் றஹ்மா. "எனக்குப் போக வேணும்."